கச்சேரி நினைவுகளும் தவறவிட்ட கச்சேரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வகைக் கச்சேரியாக இருந்தாலும் போய் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். அதனாலேயே, போகலாமா என்று தயங்குகிறவர்களும் போகாமல் விட்டுவிட்டுப் புலம்புகிறவர்களும் என்னிடம் வந்துவிடுகிறார்கள். ஆட்கள் மாறினாலும் பல வருடங்களாகக் கேள்விகள் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

வீட்டுல நல்ல ஸ்பீக்கர் இருக்கு, யூடியூபும் இருக்கு. அப்புறம் எதுக்கு நேர்ல போகணும்?

ஒலியின் துல்லியத்துக்காக என்றால் போகவே வேண்டாம். பல அரங்குகளைவிட உங்கள் ஹெட்போனில் பாட்டு தெளிவாகக் கேட்கும். கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் உங்கள் கட்சிதான். 1964 ஏப்ரல் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வாசித்ததோடு மேடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மிச்ச வாழ்நாள் முழுக்க ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாசித்தார். அப்போது அவருக்கு வயது 31.

நேரில் கிடைக்கிற சமாச்சாரம் வேறு. ஒருமுறை பாட்டின் நடுவே வயலின் தந்தி பட்டென்று அறுந்தது. பாடிக்கொண்டிருந்த அம்மா நிறுத்தவில்லை. வரிகளை விட்டுவிட்டு, ஒரே சுரத்தில் அகாரமாக மெல்ல நின்றுகொண்டார். வயலின்காரர் பெட்டியைத் திறந்து புதுத் தந்தியை எடுத்து மாட்டி, பிரடையை முறுக்கி, காதருகே வைத்து மீட்டிப் பார்த்தார். சுருதி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, அந்த அம்மா பிடித்திருந்த சுரத்தில் வந்து உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். அது என்ன பாட்டு என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த இரண்டு நிமிடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதே கச்சேரியை யாராவது பதிவு செய்து வெளியிட்டிருந்தால், முதல் வேலையாக அந்த இரண்டு நிமிடத்தைத்தான் வெட்டியிருப்பார்கள்.

முதல் தடவை போறேன். எங்க உட்கார்ந்தா நல்லா இருக்கும்?

பெரிய திடல் என்றால், சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரோடு எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். அவர் தன் காதுக்கு எது சரியோ அப்படித்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். அவர் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதே உங்களுக்கும் கேட்கும். மேடையை ஒட்டி நின்றால் பாடகரின் நெற்றி வியர்வை தெரியும், ஆனால் டிரம்ஸ் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ரொம்பத் தள்ளிப் போனாலும் சிக்கல்தான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குக் குச்சி டிரம்மில் விழுவது கண்ணில் பட்டு, கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். பெரிய திடல்களில் நடுவே கோபுரம் நட்டு வைக்கிற ஸ்பீக்கர்களை, மேடையிலிருந்து வரும் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும்படி சற்றுத் தாமதமாக ஒலிக்க வைப்பது இதனால்தான்.

மைக் இல்லாத சின்னக் கூடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், முன்னால் போங்கள்.

காதுக்கு ஏதாவது ஆகுமா? பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரையறைப்படி, அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கு இன்னும் கறார்: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். போட்டுப் பாருங்கள், 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான் வரும். ராக் கச்சேரி இரண்டு மணி நேரம் ஓடும்.

காதடைப்பான் எடுத்துப் போங்கள். சாதாரண ஸ்பாஞ்ச் வகை உச்ச சுரங்களை அதிகமாக அமுக்கிவிடுவதால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கும். இசைக்கலைஞர்கள் போட்டுக்கொள்கிற வகை எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து படுத்ததும் காதில் 'ஞொய்' என்று கேட்டால், அன்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அது ஓரிரு நாளில் போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் காதை முழுதாக மூடுகிற மஃப் இல்லாமல் போகாதீர்கள்.

பாட்டெல்லாம் முன்னாடியே கேட்டுத் தயார் பண்ணிட்டுப் போகணுமா?

இரண்டு மூன்று பாட்டு தெரிந்திருந்தால் போதும். வரிசை முழுவதையும் முன்கூட்டியே தேடிப் படித்துவிட்டுப் போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 'அடுத்தது இதுதான்' என்று அவர்கள் சொல்லச் சொல்ல, எனக்கு எழுந்து வேறு இடம் பார்க்கத் தோன்றும்.

கூட வர யாரும் இல்ல. தனியா போனா நல்லாவா இருக்கும்?

நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குப் பிடிக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். வெளியே வந்ததும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று நாக்கு அரிக்கும், அது ஒன்றுதான் கஷ்டம். தவறவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் பாதிப் பேர் 'கூட யாரும் வரல' என்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே உப்புச்சப்பில்லாத காரணம்.

போன்ல வீடியோ எடுத்தா தப்பா?

பின்னால் இருப்பவரின் கண்ணை மறைக்கிறது என்ற அளவில் தப்புதான். உங்கள் ஞாபகத்துக்கு என்ன ஆகிறது என்பது தனிக் கதை. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் போட்டோ எடுத்த பொருட்களைவிட, வெறுமனே பார்த்த பொருட்களை மக்கள் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். 2017இல் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரி சொன்னது: விருப்பப்பட்டுப் படம் எடுக்கிறவர்களுக்குக் கண்ணால் பார்த்தது கூடுதலாக நினைவில் நிற்கிறது, காதால் கேட்டது குறைகிறது.

காதுக்காகப் போகிற இடத்தில் இது மோசமான பேரம் இல்லையா? என் வழக்கம் இதுதான்: மேடைக்கு ஆட்கள் வருமுன் ஒரு படம், முடிந்ததும் ஒரு படம். நடுவில் போன் பைக்குள்ளேயே இருக்கும்.

அவ்வளவு ஆசையா போனேன். இப்போ யோசிச்சா ரெண்டு பாட்டுதான் ஞாபகம் இருக்கு. எனக்கு ஏதாவது கோளாறா?

ஒரு கோளாறும் இல்லை. மூன்று மணி நேரத்தை மனசு மூன்று மணி நேரமாகச் சேமித்து வைப்பதில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் காட்டியபடி, ஓர் அனுபவத்தை நாம் பின்னால் எடை போடுவது பெரும்பாலும் அதன் உச்சக் கணத்தையும் முடிவையும் வைத்துத்தான். எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கு அதில் ஏறக்குறைய இடமே கிடையாது. இரண்டு பாட்டு ஞாபகம் இருக்கிறதா? நல்ல வசூல். எனக்கு வயலின் தந்தி மட்டும்தான் மிச்சம், மேலே சொன்னேனே.

அப்போ ஒரு கச்சேரி மறக்க முடியாததா ஆகறது எதனால? நல்லா பாடினா போதாதா?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. குறையே இல்லாத கச்சேரிகள் நிறையக் கேட்டிருக்கிறேன், வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே மறந்துமிருக்கிறேன். மேடையில் ஏதோ ஒன்று கைமீறிப் போக வேண்டும், அதை அவர்கள் சமாளிக்க வேண்டும், நாம் அதைப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பேர்போன உதாரணம் ஜெர்மனியின் கொலோன் நகர ஆபரா அரங்கில் 1975 ஜனவரி 24 அன்று நடந்தது. பியானோ கலைஞர் கீத் ஜாரெட் போசென்டார்ஃபர் இம்பீரியல் என்ற பெரிய பியானோவைக் கேட்டிருந்தார். அரங்க ஊழியர்கள் மேடையில் கொண்டுவந்து வைத்ததோ ஒத்திகைக்குப் பயன்பட்ட சின்னப் பியானோ. சுருதி விலகியிருந்தது, மேல் சுரங்கள் தகரம் தட்டுவதுபோல ஒலித்தன, கீழ் சுரங்களில் கனம் இல்லை, பெடலும் சரியாக வேலை செய்யவில்லை. ஜாரெட்டுக்கு முதுகுவலி வேறு. வாசிக்க மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். கச்சேரியை ஏற்பாடு செய்திருந்தவர் பதினெட்டு வயதுப் பெண். அவர் கெஞ்சிக் கேட்டு, பியானோவை முடிந்தவரை சீர்செய்து, இரவு பதினொன்றரை மணிக்கு மேல் சுமார் 1,400 பேர் முன்னால் ஜாரெட் உட்கார்ந்தார். மோசமான மேல் சுரங்களைத் தவிர்த்து நடுப்பகுதியிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். கீழே கனம் இல்லாததை ஈடுகட்ட இடது கையில் ஒரே சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்தார். எல்லாமே அங்கேயே, அப்போதே கற்பனை செய்து வாசித்தது. அந்தப் பதிவு லட்சக்கணக்கில் விற்றது. தனிப் பியானோ இசைத்தட்டுகளில் அதற்கு மேல் விற்றது கிடையாது.

நீளமும் முக்கியம் இல்லை. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குவீன் குழு மேடையில் இருந்தது சுமார் 21 நிமிடம்தான். அன்று நாள் முழுக்க யார் யாரோ பாடினார்கள். இன்றைக்கும் பேச்சு வந்தால் அந்த 21 நிமிடத்தைத்தான் சொல்கிறார்கள்.

கூட்டம் கிளம்பறதுக்கு முன்னாடி கிளம்பிட்டா வண்டி எடுக்க சுலபமா இருக்கும். கடைசிப் பாட்டை விட்டா என்ன?

வுட்ஸ்டாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1969 ஆகஸ்டில் நடந்த அந்த இசை விழாவுக்கு 4 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்ததாகக் கணக்கு. கடைசியாக ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஞாயிறு இரவு வாசிப்பதாக ஏற்பாடு. மழை, தாமதம், குழப்பம் என்று இழுத்துக்கொண்டே போய், அவர் மேடையேறும்போது திங்கள் காலை ஒன்பது மணி ஆகிவிட்டது. வேலைக்குப் போக வேண்டியவர்கள், நனைந்து நொந்தவர்கள் என்று கூட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் கிளம்பிவிட்டது. அவர் கிட்டாரில் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியது அந்தக் காலையில்தான். மூன்று நாள் சேற்றில் கிடந்துவிட்டு, அதற்குச் சற்று முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

ஞாபகத்தில் நிற்பது உச்சமும் முடிவும் என்று மேலே பார்த்தோம். முடிவை நீங்களே வெட்டிவிட்டால், உங்கள் நினைவில் அந்தக் கச்சேரி பார்க்கிங்கில்தான் முடியும்.

பிடிச்ச பாடகர்தான். ஆனா வயசாயிடுச்சு, குரல் போயிடுச்சுன்னு சொல்றாங்க. போய் ஏமாந்துட்டா?

போங்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 1824 மே 7 அன்று வியன்னாவில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியபோது அவருக்குக் காது கேட்காது. மேடையில் நின்று தாளம் போட்டார், ஆனால் இசைக்குழுவை உண்மையில் நடத்தியவர் வேறொருவர். கைதட்டல் அவர் காதில் விழவில்லை. கரோலின் உங்கர் என்ற பாடகி அவரை மெல்லத் திருப்பி, சபையைப் பார்க்க வைத்தார். காது கேட்காதவர் மேடையில் என்ன செய்யப் போகிறார் என்று வீட்டில் இருந்துவிட்டவர் அன்றைக்கும் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

பழைய குரலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இப்போது இருக்கிற குரலை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கப் போங்கள். எட்டாத சுரத்தை எட்டிப் பிடிக்காமல், பக்கத்தில் வேறு வழி கண்டுபிடித்து இறங்குவார்கள் பாருங்கள், அது இருபது வயதுக்காரருக்கு வராது.

நான் தவறவிட்டது ஒண்ணு இருக்கு. பல வருஷமாகியும் உறுத்துது. ஏன் இப்படி?

செய்த தவறு அன்றைக்குச் சுடும், செய்யாமல் விட்டது வருடக்கணக்கில் உறுத்தும். தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற உளவியலாளர்கள் 1990களில் இதைத்தான் கண்டார்கள். போய்ப் பார்த்த கச்சேரி இரண்டு பாட்டாகச் சுருங்கிவிடுகிறது. போகாத கச்சேரியோ மனசுக்குள் வருடா வருடம் வளர்கிறது. அதில் யாரும் தும்முவதில்லை, மைக் கத்துவதில்லை.

எனக்கும் ஒன்று இருக்கிறது. வயதான புல்லாங்குழல் கலைஞர் ஒருவர். டிக்கெட் கையில் இருந்தது. அன்று லேசாகத் தலைவலி, வெளியே தூறல். 'அடுத்த தடவை வருவார், பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிட்டேன். அந்த வருடம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். டிக்கெட்டை இன்னும் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஓரம் கிழிக்கப்படாமல் முழுதாக இருக்கிறது.

ஆனால் ஒன்று: கடைசிக் கச்சேரி இதுதான் என்று அப்போது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸ் கொடுத்தது, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்காக அவர்கள் நடத்திய கடைசிக் கச்சேரி. 42,500 இருக்கைகளில் சுமார் 25,000 டிக்கெட்தான் விற்றது. பாக்கி இருக்கைகள் காலி. அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர் 'அடுத்த வருஷம் வருவாங்க' என்று இருந்திருப்பார்கள்! உங்களையும் என்னையும்போலத்தான்.

தவறவிட்டதோட வீடியோ இருக்கு. அதைப் பார்த்தா மனசு ஆறுமா?

சிலருக்கு ஆறும். லெட் செப்பலின் குழு 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் மறுபடி சேர்ந்து வாசித்தபோது, 20,000க்கும் குறைவான இடங்களுக்கு 2 கோடி விண்ணப்பங்கள் வந்ததாகச் சொல்லப்பட்டது. அதன் படம் 2012இல் வெளிவந்தது. கிடைக்காத கோடிப் பேருக்கு அதுவாவது கிடைத்தது. நான் வீடியோவை முழுத்திரையில், விளக்கை அணைத்து, நடுவே நிறுத்தாமல் பார்ப்பேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அது வீடியோதான். புல்லாங்குழல்காரரின் பழைய பதிவுகள் என்னிடம் எல்லாமே இருக்கின்றன. அந்த டிக்கெட் விஷயத்தில் அவை ஒன்றும் செய்யவில்லை.

நான் பிறக்கறதுக்கு முன்னாடியே எல்லா நல்ல கச்சேரியும் முடிஞ்சு போச்சு. இது என்ன நியாயம்?

1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. பொதுச்சபை அரங்கில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதை நினைத்தால் எனக்கும் இந்த ஏக்கம் வரும். பொறாமைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் விவரத்தோடு பொறாமைப்படுங்கள். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸைப் பார்க்க சுமார் 55,600 பேர் போனார்கள். நிகழ்ச்சி அரை மணி நேரம்தான். கூச்சலில் பாட்டு யார் காதிலும் விழவில்லை, மேடையில் இருந்த நால்வர் காதிலும்தான். 'நான் அங்கே இருந்தேன்' என்பவர்கள் அன்று கேட்டது பெரும்பாலும் பக்கத்து இருக்கையின் அலறலை.

ஒரு பிரபலமான கச்சேரிக்குப் போனதா சும்மா அளந்து விட்டுட்டேன். இப்போ எல்லாரும் விவரம் கேக்கறாங்க.

உங்களுக்குத் துணை நிறைய உண்டு. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற சின்னக் கூடத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தது. வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான். அதில் சிலர் பின்னால் தாங்களே பெயர்பெற்ற குழுக்களைத் தொடங்கியதால் அந்தக் கச்சேரி புராணமாகிவிட்டது. அதன்பின் 'நானும் இருந்தேன்' என்று கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கில். ஒப்புக்கொண்டுவிடுங்கள். இல்லையென்றால் 'சவுண்ட் சரியில்ல, ஒண்ணுமே கேக்கல' என்று சொல்லிப் பாருங்கள், முந்தைய பதிலைப் படித்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

நானும் என் ஃபிரண்டும் ஒரே கச்சேரிக்குத்தான் போனோம். அவன் சொல்றதும் நான் சொல்றதும் ஒத்தே வரல. யார் சரி?

இரண்டு பேரும் தப்பாக இருக்கலாம். மேலே சொன்ன சின்னக் கூடம் இருந்த அதே கட்டடத்தின் பெரிய அரங்கில், பத்து வருடம் முன்பு, 1966 மே 17 அன்று, சாதாரண கிட்டாரோடு நாட்டுப்பாடல் பாடிப் பேர்வாங்கிய பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு பாடினார். கடுப்பான ஒருவர் கூட்டத்திலிருந்து 'யூதாஸ்!' (இயேசுவைக் காட்டிக்கொடுத்தவரின் பெயர், அதாவது துரோகி) என்று கத்தினார். திருட்டுத்தனமாகச் சுற்றிய அந்தப் பதிவை, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்றே பல வருடம் உலகம் நம்பியது. 1998இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதும் அந்தத் தப்பான பெயரை மேற்கோள்குறிக்குள் போட்டே வெளியிட்டார்கள். கத்தியது நான்தான் என்று ஒருவருக்கு மேல் சொந்தம் கொண்டாடியது தனி வேடிக்கை. டேப் இருந்தும் இந்த லட்சணம் என்றால், உங்கள் நண்பரோடு சண்டை எதற்கு?

போனேன், படு மோசம். பாதியில எழுந்து வந்துடலாமா?

தாராளமாக. இரண்டு உருப்படிக்கு நடுவில் எழுந்திருங்கள், அவ்வளவுதான். ஹென்ட்ரிக்ஸ் கதையைச் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறாயே என்று கேட்பீர்கள். அலுப்பில் கிளம்புவதும் அவசரத்தில் கிளம்புவதும் ஒன்றில்லை.

போயிருந்தேன், ஆனா அன்னிக்கு மனசு வேற எங்கயோ இருந்துது. ஒண்ணுமே ஏறல. இது தவறவிட்டதுல சேருமா?

சேரும் என்றுதான் நினைக்கிறேன். கிழிந்த டிக்கெட் சில சமயம் பொய் சொல்லும். வேலை போன மறுநாள் ஒரு கச்சேரிக்குப் போனேன். முன்வரிசை. பாடியவரின் செருப்பு மேடை ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. இரண்டு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லாரும் எழுந்து கைதட்டியபோதுதான் முடிந்துவிட்டது என்றே தெரிந்தது. அவரை அப்புறம் இரண்டு முறை கேட்டுவிட்டேன், அந்த இரவு மட்டும் கணக்கில் வரவில்லை.

தவறவிட்டதை ஈடுகட்ட ஏதாவது வழி இருக்கா?

ஒருவர் ஈடுகட்டியது எனக்குத் தெரியும். பாடகி ஜோனி மிட்சல் வுட்ஸ்டாக்குக்குப் போவதாக இருந்தார். ஆனால் திங்கட்கிழமை அவர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருந்தாக வேண்டும். சாலையெல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது, போனால் திரும்பி வர முடியாது என்று அவருடைய மேலாளர் நிறுத்திவிட்டார். நியூயார்க்கில் அறைக்குள் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே, வுட்ஸ்டாக் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அந்த விழாவைப் பற்றி இன்றுவரை அதிகம் பாடப்படுவது, அங்கே போகாதவர் எழுதிய அந்தப் பாட்டுதான். போக முடியாத ஏக்கம்தான் தன்னை அப்படி எழுத வைத்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை சொன்னபடி தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். வுட்ஸ்டாக்கில் பாடிவிட்டு நேராக அங்கே வந்து சேர்ந்திருந்தார் பாடகர் ஸ்டீபன் ஸ்டில்ஸ். கேமரா முன்னால் தன் பேண்ட்டைக் காட்டினார், வுட்ஸ்டாக் சேறு அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.